எட்டு எழுத்துப் பாஸ்வேர்ட்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் கீழ்வீட்டுக் காகிமாவுக்கு வருஷத்தில் ஒரு நாள், காலையில் ஒரு கால் மணி நேரம் இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டுதான் மீதி வருஷத்தை அவர் ஓட்டுகிறார். போன வருஷம் அந்தக் கால் மணி நேரத்தில் பெரும்பங்கை நான் தின்றுவிட்டேன். மழை வெள்ளத்தையோ மின்வெட்டையோ கைகாட்டித் தப்பிக்க முடியாது. கம்பெனியில் நெட்வொர்க் பாதுகாப்புப் பிரிவில் பதினோரு வருஷம் குப்பை கொட்டிய நான், இருக்கிற மூளை முழுவதையும் செலவழித்து, பார்த்துப் பார்த்துச் செய்த காரியம் அது.

நாங்கள் கல்கத்தாவில் பெஹாலாவுக்குக் குடிவந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு வங்கியில் மாற்றல். எனக்கு வேலை லேப்டாப்பில் இருப்பதால் மதுரையிலிருந்து அதையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டேன். நாலு மாடிக் கட்டடம், எட்டு வீடு. எங்களுக்கு முதல் மாடி. எங்களுக்கு நேர் கீழே தரைத்தளத்தில் காகிமா தனியாக இருக்கிறார். காகிமா என்றால் சித்தி. எழுபத்தைந்தைத் தாண்டிய அவரைக் கட்டடத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் கூப்பிடுகிறேன். அவருடைய கணவர் அலிப்பூர் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் வருவதற்கு முந்தின வருஷம் தவறிவிட்டார். கீழே லெட்டர் பாக்ஸில் அவருடைய முழுப்பெயர் இன்னும் பித்தளை எழுத்தில் இருக்கிறது. படியேறும்போதெல்லாம் படிப்பேன். அதனால் அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் சந்தில் கட்டடங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பதால் தரைத்தளத்தில் மொபைல் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. முதல் மாடியில் இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். ஆகவே ஃப்ளாட் கமிட்டி எல்லாருக்கும் பொதுவாக ஒரு வைஃபை போட்டிருந்தது. எங்கள் வீட்டு வாசலில், படிக்கட்டுத் திருப்பத்தின் கூரையில், வெள்ளைத் தட்டு மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் வைஃபையைப் பரப்புகிற அக்சஸ் பாயிண்ட். பாஸ்வேர்ட், கட்டடத்தின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். அது எதிர் டீக்கடைக்குத் தெரியும், இஸ்திரி போடுகிறவருக்குத் தெரியும், துர்கா பூஜைக்குப் பந்தல் கட்ட வந்தவர்கள் எங்கள் வைஃபையில்தான் ஊருக்குப் பேசினார்கள்.

அதுவரை எனக்கும் அதில் பெரிய வருத்தம் இல்லை. ஒரு நாள் ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில் நான் வாயைத் திறந்து 'பாதுகாப்பு' என்று ஆரம்பிக்கும்போது லைன் உறைந்துவிட்டது. பிளந்த வாயும் பாதி மூடிய கண்ணுமாக என் முகம் நாலு நிமிஷம் எல்லார் திரையிலும் நின்றிருக்கிறது. எவனோ அதைப் படம் பிடித்து ஆபீஸ் குழுவில் போட்டுவிட்டான். எனக்குக் கோபம் வந்தால் நியாயம் அநியாயம் தெரியாது. டீக்கடையில் உட்கார்ந்து என் வைஃபையில் படம் பார்க்கிற அத்தனை பேரும் சேர்ந்துதான் என் வாயைப் பிளக்க வைத்தார்கள் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். திறந்த வீடு, சாவி கொடுத்த கஜானா என்று என்னென்னவோ சொன்னேன். என் வங்காளம் அரைகுறை, நடுவில் இந்தி, ஆத்திரம் மிஞ்சினால் தமிழ். செக்ரட்டரி தாதா, இங்கே தாதா என்றால் அண்ணன்தான், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், பொறுமையாகக் கேட்டார். அவர் வங்காளத்தில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இதுதான்: "ரொம்ப நல்லது மா. நீயே பண்ணிடு. காகிமாவுக்கு மட்டும் எந்தக் கஷ்டமும் வராம பாத்துக்கோ."

"தாதா, இது என் தொழில்," என்றேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

தீபாவளிக்கும் காளி பூஜைக்கும் சேர்த்து ஆபீஸ் லீவு. ஊரில் மற்றவர்கள் பலகாரம் சுட்ட நேரத்தில் நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்த வெள்ளைத் தட்டைச் சரிசெய்தேன். இருபது எழுத்தில் புதுப் பாஸ்வேர்ட். இருப்பதிலேயே கெட்டியான பூட்டைப் போடத்தான் ஆசை. பழைய போன்கள் அதில் சேராது என்பதால் மனசே இல்லாமல் ஒரு படி இறங்கி வந்தேன். அந்தத் தட்டின் அமைப்புகளை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று அதற்கு இன்னொரு தனிப் பாஸ்வேர்ட் வைத்தேன், இருபத்து நாலு எழுத்தில். அதை யாராவது மூன்று தடவை தப்பாகப் போட்டால் கால் மணி நேரத்துக்குக் கதவு திறக்காது. இந்தக் கடைசி ஏற்பாட்டைச் செய்துவிட்டு எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

என் வீட்டுக்காரர் முறுக்கைக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "எங்க பேங்க் லாக்கருக்கே இம்புட்டுப் பூட்டு கிடையாது. உள்ள என்ன இருக்கு, நாலு சீரியலும் ரெண்டு சமையல் வீடியோவும்தான?"

"உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. பேசாம முறுக்கத் தின்னுங்க," என்றேன்.

அடுத்தது ரெஜிஸ்டர். படிக்கட்டுச் சுவரில் ஒரு தாளை ஒட்டினேன். பெயர், வீட்டு எண், எத்தனை போன், எத்தனை லேப்டாப். எட்டு வீட்டுக்காரர்களும் கோர்ட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி முழுப்பெயரை முத்து முத்தாக எழுதியிருந்தார்கள். காகிமாவும் தன் முழுப்பெயரை எழுதி, பக்கத்தில் 'மொபைல் ஒன்று' என்று குறித்திருந்தார். புதுப் பாஸ்வேர்டை அவர் போனில் மூன்றாம் மாடிப் பெண் போட்டுக் கொடுத்துவிட்டாளாம்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தட்டில் சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். சில போன்கள் கம்பெனிப் பெயரிலும் சில ஆள் பெயரிலும் தெரியும். எல்லாம் பொருந்திவந்து கடைசியில் ஒன்று மிஞ்சியது. ஒரு பழைய போன். அதற்கு ஓர் ஆணின் பெயர், இரண்டே அசை, செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரி. ரெஜிஸ்டரில் அந்தப் பெயர் இல்லை. லெட்டர் பாக்ஸ் எதிலும் இல்லை. புதுப் பாஸ்வேர்ட் போட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் எவனோ உள்ளே வந்துவிட்டான். பழைய பதிவுகளைப் புரட்டினேன். மாதக்கணக்காக, தினமும் காலை ஐந்தரைக்கு வருகிறான், ஏழு மணிக்குப் போய்விடுகிறான். எனக்குக் கையெல்லாம் பரபரவென்றது. நிஜத் திருடன்.

இன்னொன்றும் கவனித்தேன். காகிமாவின் ஒரு மொபைல் பட்டியலில் எங்கேயும் இல்லை. 'பாவம், வைஃபையை ஆன் பண்ணத் தெரியவில்லை போல' என்று விட்டுவிட்டேன். ஒன்று மிஞ்சுகிறது, ஒன்று குறைகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் நிபுணி.

இங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர் உண்டு. பள்ளிக்கூடம், ஆபீஸ், லெட்டர் பாக்ஸுக்கு ஒரு நல்ல பெயர். வீட்டிலும் தெருவிலும் கூப்பிட டாக் நாம் என்று இன்னொரு பெயர். இரண்டுக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. ஹைகோர்ட் வக்கீலை வீட்டில் பொம்மைக்கு வைக்கிற பெயரில் கூப்பிடுவார்கள். இதையெல்லாம் ஊருக்குப் போன் போட்டு என் அம்மாவுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். வகுப்பு எடுக்கத் தெரிந்ததே தவிர, தேவைப்பட்டபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

காளி பூஜைக்கு மறுநாள் காலை ஐந்தரைக்குத் திருடனைப் பிடிக்கக் கிளம்பினேன். கரியாஹாட் நடைபாதைக் கடையில் என் வீட்டுக்காரர் வாங்கிவைத்திருந்த குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, கீழ்ப்படியில், வெடித்த பட்டாசுக் குப்பைகளுக்கு நடுவில் நின்றேன். பேப்பர் போடுகிறவர் வந்தார், என்னைப் பார்த்துப் பயந்து பேப்பரைத் தூர நின்றே எறிந்துவிட்டுப் போனார். பால்காரர் வந்தார், போனார். என் போனில் திருடனின் சிக்னல் முழுசாகத் தெரிந்தது. ஆள் பத்தடிக்குள் இருக்கிறான். ஆனால் கண்ணில் படவில்லை.

காகிமா பூப்பறிக்கக் கதவைத் திறந்தார். உள்ளே அவர் போனில் காளி பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "என்ன மா இங்க நிக்கற?"

"திருடன் புடிக்கறேன் காகிமா," என்றேன் ரகசியமாக.

"தனியாவா? உள்ள வா. டீ குடிச்சிட்டுப் புடிக்கலாம்."

போனேன். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். உள்ளே போனதும் திருடனின் சிக்னல் இன்னும் ஏறியது. ஜன்னலுக்கு வெளியே பதுங்கியிருக்கிறான் போல என்று எட்டிப் பார்த்தேன். காகிமாவும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். மேஜையில், என் டீக் கோப்பைக்குப் பக்கத்தில், அந்தப் பழைய போன் பாடிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் மறுநாளைப் பற்றிச் சொன்னார். மறுநாள் பாய்ஃபோட்டா. கூடப்பிறந்தவன் நெற்றியில் அக்கா தங்கைகள் சந்தனப் பொட்டு வைத்து, எமன் அவன் பக்கம் வராமல் இருக்க வேண்டிக்கொள்கிற நாள். பொட்டு வைத்து முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. காகிமாவுக்கு ஒரே தம்பி, கனடாவில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சில வருஷங்களாக ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. போனைப் பார்த்தாலே மிரளுகிறார் என்று மற்ற நாளில் இல்லத்தில் பேசவிடுவதில்லை. இந்த ஒரு நாளைக்கு மட்டும் தம்பி மகன் கெஞ்சி அனுமதி வாங்கித் தருவான். அவர்களுடைய ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில், நமக்குக் காலை ஆறரையிலிருந்து ஆறே முக்கால் வரை, இல்லத்துக்காரர்களே வீடியோவில் கூப்பிடுவார்கள். அதுவும் அவர்கள் பட்டியலில் பதிந்திருக்கும் இந்த ஒரு நம்பருக்கு மட்டும்தான். அங்கேயும் என்னை மாதிரி ஒருத்தி வேலை பார்க்கிறாள் போல.

"போன வருஷம் அவனுக்கு என்னை அடையாளம் தெரிய அஞ்சு நிமிஷம் ஆச்சு," என்றார் காகிமா. "இந்த வருஷம் எவ்வளவு ஆகுமோ. கால் மணி நேரம் போதும்னு நினைக்கறேன்."

"கவலைப்படாதீங்க காகிமா, நெட் இப்ப ரொம்பப் பாதுகாப்பா இருக்கு," என்றேன். சொன்ன வாயால் இன்னொரு பிஸ்கட்டும் தின்றேன்.

அன்று சாயங்காலம் திருடனைத் தடுத்தேன். ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே கொடுத்த ஓர் எண் உண்டு. அந்த எண்ணை விலக்குப் பட்டியலில் சேர்த்தால் பிறகு அது என்ன பாஸ்வேர்ட் போட்டாலும் தட்டு ஏறெடுத்துப் பார்க்காது. குறிப்பு எழுதுகிற இடத்தில் 'திருடன்' என்று தட்டி, சிவப்பு நிறம் கொடுத்தேன். கட்டடத்து வாட்ஸப் குழுவில், இன்ன பெயர் கொண்ட வெளியாள் பிடிபட்டார், தடுக்கப்பட்டார் என்று அறிவித்தேன். நாலைந்து கட்டைவிரல் வந்தது. அந்த மாதிரி டாக் நாம் சந்துக்கு நாலு பேருக்கு இருக்கும் என்பதால் யாருக்கும் பொறி தட்டவில்லை என்று செக்ரட்டரி தாதா பிறகு சொன்னார். காகிமா அந்தக் குழுவில் இல்லை. நான் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை ஆறு பத்துக்கு மணி அடித்தது. காகிமா. குளித்து, நீலக்கரை போட்ட புதுப் புடவை கட்டி, வலிக்கிற முழங்காலோடு ஒரு மாடி ஏறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. "காலைலேர்ந்து பாட்டே வரல மா. சின்ன வட்டம் ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கு."

"குடுங்க, ஒரு நிமிஷ வேலை," என்று போனை வாங்கினேன். அமைப்புகளைத் திறந்தேன். மேலே போனின் பெயர் இருந்தது.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். "காகிமா, இது யார் பேரு?"

"அவரோட டாக் நாம். போனும் அவரோடதுதானே. நான் எதையும் மாத்தல."

லெட்டர் பாக்ஸில் பித்தளை எழுத்தில் நான் தினமும் படித்தது அந்த மனிதரின் கோர்ட்டுப் பெயர். அவர் மனைவி ஐம்பது வருஷம் கூப்பிட்ட பெயரை நான் திருடன் என்று சிவப்பில் எழுதிவைத்திருந்தேன். மறைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் சொல்லிவிட்டேன். "காகிமா, நான் தேடின திருடன் உங்க போனுதான். நான்தான் நேத்து தடுத்துட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறரைக்குள்ள சரியாயிடுமா மா?" என்று மட்டும் கேட்டார்.

லேப்டாப்பைத் திறந்தேன். அந்த இருபத்து நாலு எழுத்துப் பாஸ்வேர்டை ஒரு பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்தேன். அந்தப் பெட்டகத்துக்கு ஒரு பாஸ்வேர்ட், அது என் போனுக்கு ஒரு எண்ணை அனுப்பும், முதல் மாடிச் சிக்னலில் அந்த எண் வந்து சேரவில்லை. கட்டட வைஃபை வழியாக மெயிலுக்காவது அந்த எண்ணை அனுப்பச் சொல்லிக் கேட்டேன், அப்போது பார்த்து அந்தப் பெட்டகம் 'சற்று நேரம் கழித்து முயலவும்' என்றது. பதற்றத்தில் ஞாபகத்திலிருந்தே அடித்தேன். தப்பு. மறுபடி அடித்தேன். தப்பு. மூன்றாவது தடவை கடவுளை வேண்டிக்கொண்டு அடித்தேன். கால் மணி நேரம் காத்திருக்கவும் என்று வந்தது. மணி ஆறு இருபத்தெட்டு. உலகத்திலேயே ஒரே ஒரு ஆளிடமிருந்துதான் அந்தக் கதவு இதுவரை காப்பாற்றப்பட்டிருக்கிறது, அது நான்.

என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தேன். அதே சின்ன வட்டம் சுற்றியது. மொட்டை மாடியில் சிக்னல் நன்றாக இருக்கும், ஆனால் காகிமாவின் முழங்கால் ஒரு மாடி ஏறியதற்கே நடுங்கிக்கொண்டிருந்தது. மணி ஆறு முப்பத்திரண்டு. கனடாவில் யாரோ ஒரு நர்ஸ் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள், இங்கே ஒன்றும் அடிக்காது. காகிமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்த ஊமைப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் பல்துலக்கும் பிரஷோடு வந்தார். கதையை இரண்டு வரியில் கேட்டுக்கொண்டார். "அந்தத் தட்டுல ஊசி குத்துற ஓட்டை ஒண்ணு இருக்கும்ல? எங்க பிராஞ்ச்ல நெட் போனா பியூன் அதத்தான் குத்துவாரு. எல்லாம் அழிஞ்சு புதுசா வந்துரும்."

பதினோரு வருஷ அனுபவம். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ஊசிக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. என் தாலிச் சங்கிலியில் எப்போதும் நாலு ஊக்கு தொங்கும், புடவைக்கும் ஆபத்துக்கும். ஒன்றைக் கழற்றி நிமிர்த்தி, அந்தப் பொடி ஓட்டையில் குத்தி அழுத்திப் பிடித்தேன். பத்து வரை எண்ணினேன். பச்சை விளக்கு அணைந்தது. இருபது எழுத்துப் பாஸ்வேர்ட், ரெஜிஸ்டர், விலக்குப் பட்டியல், திருடன், சிவப்பு நிறம், எல்லாம் ஓர் ஊக்கில் போய்ச்சேர்ந்தது.

அது திரும்ப உயிர் பெற ஐந்து நிமிஷம் பிடித்தது. அதற்குள் நான் கீழே ஓடி, காகிமா தயாராக வைத்திருந்த பூஜைத் தட்டைத் தூக்கிவந்தேன். சந்தனம், அறுகம்புல், நெல், சந்தேஷ் என்கிற பால் இனிப்பு இரண்டு. காகிமா படியிறங்கப் போகவில்லை. அந்த வெள்ளைத் தட்டுக்கு நேர் கீழே, படிக்கட்டிலேயே, புதுப் புடவையோடு உட்கார்ந்துவிட்டார். பச்சை விளக்கு வந்தது. பூட்டும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று வைஃபை திறந்து கிடந்தது. போன் சேர்ந்துகொண்டது. மணி ஆறு நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டில் மணி அடித்தது.

நீலச் சட்டை போட்ட ஒரு பெண் தெரிந்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை முயன்றோம், படுக்கிற நேரம், சீக்கிரம் என்றாள். பிறகு அவர் வந்தார். கம்பளித் தொப்பி, நரைத்த தாடி. கேமராவைப் பார்த்து மிகவும் மரியாதையாக, இங்கிலீஷில், "எஸ் மேடம், யார் பேசறது?" என்றார்.

"நான்தான்டா, உன் தீதி," என்றார் காகிமா. தீதி என்றால் அக்கா.

அவர் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தார். திரும்ப இங்கே பார்த்து, தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தார். காகிமா அம்மா பெயரைச் சொன்னார், வீட்டைச் சொன்னார், குளத்தைச் சொன்னார். அவர் ஒவ்வொன்றுக்கும் "எஸ், எஸ்" என்றார். ஒன்றரை நிமிஷம் போய்விட்டது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். போன வருஷம் ஐந்து நிமிஷம் ஆனது என்று சொல்லியிருந்தாரே, இப்போது ஐந்து நிமிஷமே கையில் இல்லையே, அதைத் தின்றவள் நானாயிற்றே என்று அழுகை முட்டியது. என் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் அதற்கு முன் வந்ததில்லை.

காகிமா பேச்சை நிறுத்தினார். பிறகு தம்பியின் டாக் நாமைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் கொஞ்சம் தலையைத் தூக்கினார். இன்னொரு தடவை கூப்பிட்டார், இருட்டுகிற நேரத்தில் தெருவில் விளையாடுகிற பையனை வீட்டுக்குள் அழைக்கிற குரலில், சத்தமாக. படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

"வரேன் தீதி," என்றார் அவர், வங்காளத்தில். நெற்றியைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார்.

காகிமா இடதுகைச் சுண்டுவிரலில் சந்தனத்தைத் தொட்டு, முணுமுணுவென்று சொல்லிக்கொண்டே அந்த நெற்றியில் வைத்தார். மூன்று தடவை வைக்க வேண்டும். இரண்டாவது வைக்கும்போது அந்தப் பெண் நேரமாகிவிட்டது என்று மெதுவாகச் சொன்னாள். திரை அணைந்தது. மூன்றாவது பொட்டை காகிமா அந்தக் கறுப்புக் கண்ணாடியில் வைத்தார்.

பிறகு அவர் ஒரு சந்தேஷை எடுத்துப் பாதி தின்றார், மீதியை என் வாயில் திணித்தார். "உயிரோட இருந்தப்ப பக்கத்து வீட்டுக் கொய்யாவைத் தவிர எதையும் திருடாத மனுஷன்," என்று சிரித்தார். "செத்து ரெண்டு வருஷம் கழிச்சு உன்கிட்ட மாட்டிக்கிட்டாரு." என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் அந்த இனிப்பை மென்றுகொண்டே ஸ்டூலை உள்ளே எடுத்துப் போனேன்.

அடுத்த ஒரு வாரம் கட்டடத்து வைஃபை பூட்டே இல்லாமல் கிடந்தது. டீக்கடையில் என்னைப் பார்த்தால் எழுந்து நின்றார்கள். எட்டாம் நாள் செக்ரட்டரி தாதா, "ஏதாவது ஒரு பாஸ்வேர்ட் போடு மா, சின்னதா," என்றார். புது ரெஜிஸ்டர் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இந்தத் தடவை டாக் நாமுக்கு ஒரு தனிக் கட்டம் போட்டிருந்தேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். செக்ரட்டரி தாதாவின் டாக் நாமைக் கேட்டபிறகு அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

கடைசியாக காகிமா வீடு. தன் பெயரை எழுதிவிட்டு, "பாஸ்வேர்ட் என்ன வைக்கப் போற?" என்று கேட்டார்.

"நீங்க சொல்றதுதான் காகிமா."

யோசிக்காமல் தம்பியின் டாக் நாமைச் சொன்னார். "அது நான் வச்ச பேரு. அவன் பொறந்தப்ப எனக்கு ஆறு வயசு. அப்படிக் கூப்பிட்டவங்க எல்லாரும் போயாச்சு. அவன் பையனுக்கே அந்தப் பேரு தெரியாது. எனக்கப்புறம் அவனை அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது மா."

ஆள் பெயரைப் பாஸ்வேர்டாக வைக்கக்கூடாது என்று வருஷத்துக்கு இரண்டு தடவை ஆபீஸில் வகுப்பு எடுக்கிறவள் நான். அங்கேயே உட்கார்ந்து தட்டினேன். ஏற்கவில்லை. இங்கிலீஷில் எழுதினால் அந்தப் பெயர் நாலு எழுத்து, வைஃபைக்குக் குறைந்தது எட்டு வேண்டும்.

"அப்ப ரெண்டு தடவ எழுது," என்றார் காகிமா. "அவன் எப்பவும் ரெண்டாவது தடவ கூப்பிட்டாதான் வருவான்."

அதுதான் இன்றுவரை எங்கள் பாஸ்வேர்ட். என்ன பெயர் என்று இங்கே எழுதமாட்டேன், என்ன இருந்தாலும் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. எழுதினாலும் நஷ்டமில்லை, பத்து நாளுக்குள்ளேயே அது டீக்கடைக்குப் போய்விட்டது. சாயங்காலம் யாராவது புதிதாக வந்து கேட்டால் கடைக்காரர் அடுப்படியிலிருந்தே இரண்டு தடவை சத்தமாகச் சொல்கிறார், சந்து முழுக்கக் கேட்கிறது. அந்த நேரத்தில் கொசுவுக்காக எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். காகிமா மட்டும் சாத்துவதில்லை.